மொட்டைக் குறியீட்டெண்

பொருளாதாரம் படுத்துவிட்டது என்பதை ஒவ்வொரு தேசத்து நிபுணரும் ஒவ்வொரு விதமாகக் கண்டுபிடிக்கிறார். எஸ்டீ லாடர் கம்பெனியின் லெனார்ட் லாடர், 2001இல் அமெரிக்காவே கையைக் கட்டிக்கொண்டிருந்தபோது உதட்டுச்சாயம் மட்டும் கூடுதலாக விற்பதைப் பார்த்தார். லிப்ஸ்டிக் விற்பனை ஏறினால் நாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்நாட்டு மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் ஆண்களின் உள்ளாடை விற்பனையைக் கவனிப்பாராம். பிறர் கண்ணில் படாத துணியைத்தான் மனுஷன் முதலில் வாங்காமல் தள்ளிப்போடுவான் என்பது அவர் வாதம். இந்த இரண்டாவது கணக்குக்கு எங்கள் வீட்டுக் கொடியில் நேரடிச் சான்று காய்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

திருப்பதியில் எங்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. தெருவில் போகிற மொட்டைகளை எண்ணினால் போதும். ரயிலடிக்கும் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கும் லாட்ஜில் நான் கணக்கு எழுதுகிறேன். கவுன்ட்டரை விட்டு எழுந்திருக்காமலே ஊரின் நிதிநிலை அறிக்கையைப் படித்துவிடுவேன். சந்தனம் பூசிய தலைகள் சாரிசாரியாகப் போனால் ஊர் செழிப்பு. இடைவெளி விட்டு வந்தால் பரீட்சைக் காலம், இல்லையென்றால் மழை. ஒரு குடும்பத்தில் தாத்தா மொட்டை, பேரன் மொட்டை, நடுவில் இருக்கிறவர் மட்டும் வகிடெடுத்து வாரியிருக்கிறார் என்றால், அவருக்கு வேலை போய்விட்டது, அடுத்த வாரம் எங்கோ இன்டர்வியூ இருக்கிறது என்று அர்த்தம். ரிசர்வ் வங்கி இதையெல்லாம் மூன்று மாதம் கழித்துத்தான் சொல்லும்.

மலையில் முடி இறக்கும் கூடமான கல்யாணகட்டாவில் மழிப்பதற்குத் தேவஸ்தானம் காசு வாங்குவதில்லை. ஆனாலும் ஒரு மொட்டைக்குப் பின்னால் எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது தெரியுமா? சந்தனக் கிண்ணம் வைத்திருப்பவர், தொப்பி விற்பவர், ஜீப்காரர், பூக்காரம்மா, செம்மரப் பொம்மைக் கடை, டீக்கடை, கடைசியாக எங்கள் லாட்ஜ். இறக்கிய முடியும் வீண் போவதில்லை. நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலத்துக்கு விடுகிறார்கள். கடல் கடந்து போய் யார் தலையிலோ சவுரியாக உட்காருகிறது. இந்த ஊரில் தலைமுடியால் பத்துப் பைசா வருமானம் தர முடியாதவன் நான் ஒருவன்தான். ஏழுமலையானுக்கு நான் கொடுக்க வேண்டியதைக் கல்யாணமான புதிதிலேயே தவணை முறையில், தலையணை உறையில், கொடுத்து முடித்துவிட்டேன்.

2020 மார்ச் 20ஆம் தேதி மலைக்குப் பக்தர்களை ஏற்றுவதை நிறுத்தினார்கள். சுவாமிக்குப் பூஜை நடந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. ஜூன் 8இல் ஊழியர்களை வைத்து வெள்ளோட்டம் விட்டு, 11ஆம் தேதியிலிருந்து பொதுமக்களை அனுமதித்தார்கள். அதுவும் நாளுக்கு 6,000 பேர் போல. சாதாரண நாளில் அறுபது, எழுபதாயிரம் பேர் ஏறுகிற மலை. கீழே ஊர் வாயடைத்துக் கிடந்தது. எங்கள் லாட்ஜின் சாவிப் பலகையில் எல்லாச் சாவியும் ஒரே நேரத்தில் தொங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நியாயப்படி மொட்டைக் குறியீட்டெண் பூஜ்யத்தைத் தொட்டிருக்க வேண்டும். எங்கள் சந்தில் மட்டும் அது தொடவில்லை, ஒன்றிலேயே நின்றது. அந்த ஒன்று நான்.

முதலாளி பாதிச் சம்பளம் என்றார். நான் மனந்தளரவில்லை. மனந்தளராமல் இருப்பதற்குக் காசு செலவில்லை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அது சுத்தப் பொய். உற்சாகமாக இருப்பது எப்படி என்று பேசுகிற வீடியோக்களைப் பார்க்க டேட்டா வேண்டும், அதற்கு ரீசார்ஜ். தினமும் காலையில் நல்லதை நினைத்து நன்றி எழுத வேண்டும் என்றார் ஒருவர், அதற்குக் கெட்டி அட்டை போட்ட நோட்டு. நேர்மறை எண்ணம் உள்ளவன் காலையில் நல்ல காபியோடு நாளைத் தொடங்குவான் என்றார் இன்னொருவர், அதற்கு சிக்கரி கலக்காத தூள். மாதக் கடைசியில் என் மனைவி வீட்டுக் கணக்கில் "பால், பருப்பு, கேஸ்" என்று எழுதிக்கொண்டே வந்து, "நைனா தைரியம்" என்று ஒரு இனம் போட்டு அதற்கு நேரே ஒரு தொகையும் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் மகள் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தொகை பருப்பை விடப் பெரியது.

அந்த ஆகஸ்டு கடைசியில் அரசாங்கம், ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி போன வருஷத்தை விட 23.9 சதவீதம் சுருங்கிவிட்டது என்று அறிவித்தது. மகள் அதை செல்போனில் உரக்கப் படித்தாள். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "இத்த கண்டுபுடிக்க இவ்ளோ நாளா? பூக்காரம்மா முழத்த கையில அளக்காம விரல்ல அளக்க ஆரம்பிச்சப்பவே நான் சொல்லல?" என்றாள். சொல்லத்தான் செய்தாள். நான் அப்போது நன்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

கடன் தவணை விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 27ஆம் தேதி ரிசர்வ் வங்கி, மூன்று மாதத்துக்குக் கடன் தவணை கட்டாமல் தள்ளிப்போடலாம் என்றது. பிறகு அதை ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. டிவியில் கேட்டதும் நான் எழுந்து நின்று, வீட்டுக் கடன் ஆறு மாதம் ஒழிந்தது என்று கைதட்டினேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தவணை நிக்குது சரி, வட்டி நிக்குதா?"

இந்த மாதிரிக் கேள்விகள் கேட்பவர்களால்தான் வீட்டில் நல்ல அலைகள் தங்குவதில்லை என்று வீடியோக்காரர் சொல்லியிருக்கிறார். வட்டி நிற்கவில்லை. அசலோடு சேர்ந்து குட்டி போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த ஆறு மாதத்து வட்டிக்கு விழுந்த வட்டியை மட்டும், இரண்டு கோடி வரை கடன் வாங்கியவர்களுக்கு அரசே திருப்பித் தந்தது. என் கணக்குக்கும் வந்தது. நான் செல்போன் திரையை மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "துவரம்பருப்பு ஒரு கிலோ வாங்கலாம். கொஞ்சம் நீங்க மேல போடணும்" என்றாள்.

கடனைப் பற்றி எனக்கு வெட்கம் வராததற்கு எங்கள் ஊர்தான் காரணம். மற்ற ஊர்களில் சாமி கொடுப்பார். எங்கள் சாமி வாங்கினவர். நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் கட்டிக்கொள்ள ஸ்ரீநிவாசர் குபேரனிடம் கல்யாணக் கடன் வாங்கினார். ஒரு கோடியே பதினான்கு லட்சம் பொற்காசு என்பது இங்கே வழங்குகிற கணக்கு. பத்திரத்துக்கு பிரம்மாவும் சிவனும் சாட்சி. கலியுகம் முடிகிற வரைக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அசல் அப்புறம். இப்போதெல்லாம் உண்டியலில் வருஷத்துக்கு 1,300 கோடி ரூபாய்க்கு மேல் விழுகிறது, இன்னும் வட்டிதான் போய்க்கொண்டிருக்கிறது என்றால் குபேரன் எந்த நிதி நிறுவனத்தில் தொழில் கற்றான் என்று யோசித்துப் பாருங்கள். கீழ்த்திருப்பதியில் படுத்திருக்கும் கோவிந்தராஜரை ஸ்ரீநிவாசருடைய அண்ணன் என்பார்கள். தம்பிக்காகப் பணத்தை அளந்து அளந்து களைத்துப்போய், மரக்காலைத் தலைக்கு வைத்து அப்படியே சாய்ந்துவிட்டாராம். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அவரை விட்டால் வேறு தெய்வம் ஏது? மத்தியானம் கவுன்ட்டரில் பேரேட்டைத் தலைக்கு வைத்து நான் படுப்பது அந்த பக்தியால்தான். முதலாளிக்குத் தலபுராணம் தெரியாது.

"பெருமாளே வட்டி கட்டிக்கிட்டு சிரிச்ச முகமா நிக்கறாரு, நாம எம்மாத்திரம்?" என்று ஒரு ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, 2022 நவம்பரில், தேவஸ்தானம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. வங்கிகளில் 15,938 கோடி ரூபாய் வைப்பு, பத்து டன்னுக்கு மேல் தங்கம். மனைவி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, ஈரக்கை துடைத்துவிட்டு, என் நன்றி நோட்டில் ஒட்டினாள். "பாருங்க, கடனும் கட்டறாரு, எஃப்டியும் போட்டிருக்காரு. உங்களுக்கு கடன்ல மட்டும் அவரு மாதிரி இருக்கணும்."

எஃப்டி இல்லையே தவிர எங்களுக்கும் தங்கம் உண்டு. ஊரே நொடிந்து கிடந்த 2020 ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 90,000. பஞ்சம் வந்தால் தங்கம் ஏறும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. தினமும் காலையில் பேப்பரில் விலை பார்த்து, இன்றைக்கு நம் சொத்து இவ்வளவு கூடியது என்று அறிவிப்பது என் வழக்கமாகிவிட்டது. மனைவி வெறும் கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். ஏறியதெல்லாம் அடமானத்தில், வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஏறியது. அதனால் என்ன, எங்கே ஏறினாலும் நம் தங்கம்தானே என்றேன். அன்று மதியம் ரசம் மட்டும்.

சிக்கனத்திலும் நான் சும்மா இருந்தவனல்ல. மலையில் தரிகொண்ட வெங்கமாம்பா கூடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு இலவசம். என்.டி. ராமாராவ் முதலமைச்சராக இருந்தபோது 1985இல் தொடங்கி வைத்த திட்டம். வாரம் ஒரு நாள் குடும்பத்தோடு மேலே போய்ச் சாப்பிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம் என்று திட்டம் போட்டேன். பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் காசுக்குக் கீழேயே நல்ல ஓட்டலில் முழுச் சாப்பாடு கிடைக்கும் போலிருந்தது. அதனால் நடந்து ஏறலாம் என்றேன். அலிபிரி பாதையில் 3,550 படி. ஏறினோம், சாப்பிட்டோம், புண்ணியமும் உண்டு. முழங்காலுக்குத் தேய்க்க வாங்கிய தைலத்தின் விலையை மனைவி "நைனா தைரியம்" என்ற இனத்திலேயே சேர்த்துவிட்டாள்.

2025 ஆகஸ்டு 15ஆம் தேதியிலிருந்து ஆந்திராவில் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம். ஸ்த்ரீ சக்தி என்று பெயர். ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துத் தருவார். எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் செல்லும். மனைவியின் தாய்வீடு சித்தூரில். திருப்பதியிலிருந்து எழுபது கிலோமீட்டர். முன்பெல்லாம் "மாசத்துக்கு எத்தனை தடவைதான் அம்மா வீடு?" என்று நான் கேட்பதில் பொருளாதார நியாயம் இருந்தது. இப்போது அவளும் மகளும் செலவில்லாமல் போகிறார்கள். குடும்பத்தில் டிக்கெட் எடுக்கிற ஒரே ஜீவன் நான். சென்ற தீபாவளிக்கு மூவரும் புறப்பட்டபோது அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க வீட்லயே இருந்தா சித்தூர் போக செலவே இல்ல" என்றாள். வீண் செலவைக் குறைக்கச் சொல்லி வருஷக்கணக்காக நான் செய்த பிரசாரம் கடைசியில் என் மேலேயே வந்து விடிந்தது.

சித்தூர் வீட்டில் என் மாமியார் பழைய சினிமாப் பைத்தியம். சித்தூர் நாகையாவைப் பற்றிப் பேசினால் கண் கலங்கிவிடும். "மீரா" படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாக ராணாவாக வந்தவர். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் ஒருவர். கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்து, சொந்தப் படம் எடுத்து, கடைசிக் காலத்தில் சின்னச் சின்ன வேஷம் போட்டுப் பிழைத்து, 1973இல் போய்ச் சேர்ந்தார். அவர் கதையைச் சொல்லி முடித்துவிட்டு மாமியார் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மகளிடம் தெலுங்கில் கேட்டார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "நாகையா குடுத்துக் கெட்டாரு. மாப்பிள்ளை எப்பிடிக் கெட்டாரு?"

மாமனார் வேறு ரகம். பேசவே மாட்டார். பங்காருபாளையம் பக்கம் அவருக்குத் தோத்தாபுரி தோப்பு இருக்கிறது. நம் பக்கம் கிளிமூக்கு என்பார்களே, அதுதான். சித்தூர் ஜில்லாவில் இந்த மரம்தான் கல்யாணம் பண்ணிவைக்கும், காலேஜில் சேர்க்கும். பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து ஏற்றுமதி செய்கிற ஆலைகள் வரிசையாக இருப்பதால், கடையில் எடை போட்டு விற்கிற கவலை விவசாயிக்குக் கிடையாது, டிராக்டரை ஆலை வாசலில் விட்டால் போதும். 2025 கோடையில் விளைச்சல் கொட்டியது. ஆலைகளிலோ முந்தைய வருஷத்துக் கூழே விற்காமல் தேங்கிக் கிடந்தது. விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலை எட்டு ரூபாய் தர வேண்டும், அரசு நான்கு ரூபாய் சேர்க்கும், ஆகப் பன்னிரண்டு என்று அறிவித்தார்கள். கர்நாடகத்திலிருந்து தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டார்கள், அந்த மாநில முதல்வர் இந்த மாநில முதல்வருக்குக் கடிதம் எழுதினார். ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. காத்திருந்த பழம் வண்டியிலேயே பழுத்து ஒழுகியது. எட்டு ரூபாய் முழுசாக வரவில்லை என்று விவசாயிகள் போராடினார்கள். பறித்த கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மாமனார் திண்ணையில் பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற அறிவு எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் லாட்ஜில் கணக்கு எழுதப் போகிறேன்? பக்கத்தில் உட்கார்ந்து, கஷ்டத்திலும் நல்லதைப் பார்க்க வேண்டும், விலை விழும்போது பயப்படுகிறவன் ஏழையாகிறான், வாங்குகிறவன் பணக்காரனாகிறான் என்று ஷேர் மார்க்கெட் வீடியோவில் கேட்டதை எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நல்லா பேசறீங்க மாப்ளே. வெளிய டிராக்டர் நிக்குது. இதயே ஆலைக்காரன்கிட்ட போயி பேசுங்க" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

ஆனால் நான் சொன்னதை நானே நம்பிவிட்டேன். அதற்குப் பணம் தேவைப்பட்டது. சீட்டு எடுத்தேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா சீட்டு நடத்துகிறார். 1982ஆம் வருஷத்துச் சட்டம் சீட்டைப் பதிவு செய்யச் சொல்கிறது. 2019இல் அதைத் திருத்தி, நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பை ஐந்து சதவீதத்திலிருந்து ஏழாக்கினார்கள். அக்கா சட்டம் படித்தவரல்ல, ஆனாலும் ஐந்தோடு நிறுத்திக்கொண்டவர். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, ஆக ஒரு லட்சம். மாதா மாதம் ஏலம். யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்பார். 20,000 தள்ளி எடுத்தால் கையில் 80,000 வரும். அந்த இருபதில் அக்காவின் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 இருபது பேருக்கும் 750 ரூபாயாகப் பிரிந்து, அந்த மாதத் தவணையில் கழியும். என் மனைவி இதில் பழம் தின்று கொட்டை போட்டவள். கடைசி மாதம் வரை எடுக்கவே மாட்டாள். நாடு நன்றாக இருந்தால் ஏலம் எட்டாயிரம், பத்தாயிரத்தில் முடிந்துவிடும், அவளுக்குக் கிடைப்பது சொற்பம். ஊருக்கு முடை வந்தால் ஜனங்கள் அவசரத்தில் எக்கச்சக்கமாகத் தள்ளுவார்கள், இவளுக்கு மாதா மாதம் மழை. ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்குக்கு 2.5 சதவீதம் வட்டி தருகிற காலத்தில் இது எங்கே, அது எங்கே! நான் மொட்டைகளை எண்ணி மந்தநிலையைக் கண்டுபிடிக்கிறேன். அவள் அதிலேயே வரும்படி பார்க்கிறாள்.

அந்தச் சீட்டில், வீட்டுக்குத் தெரியாமல், எங்கள் லாட்ஜ் ராத்திரி வாட்ச்மேன் பெயரில் நானும் ஒரு ஆள். பணம் என்னுடையது, பெயர்தான் அவருடையது. மாம்பழ மாதத்து ஏலத்தில் அவர் எழுந்து நின்று 30,000 தள்ளி எடுத்தார். மற்றவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்களாம். எழுபதாயிரத்தில் பாதி பழைய கைமாற்றுகளுக்குப் போனது. மீதியில் முதலில் லேபிள் அச்சடித்தேன். நேர்மறையாக யோசிப்பவன் வெற்றியை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. "குபேரா மாங்காய் ஊறுகாய், திருப்பதி" என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து, பார்க்கவே வாயூறும். பிறகு ஜாடிகள், எண்ணெய், மிளகாய்த்தூள். கடைசியாக ஒரு டெம்போ தோத்தாபுரி, அடிமாட்டு விலைக்கு. லாட்ஜில் காலியாக இருந்த ஓர் அறையில் இறக்கினேன். மாங்காயாகத்தான் வாங்கினேன். லேபிள் காய்வதற்குள் அது மாம்பழமாகிவிட்டது.

மூன்றாம் மாடி வரை வாசனை. ஈ வந்தது. முதலாளி வந்தார். நான் கொஞ்சமும் தடுமாறாமல், அறை எடுக்கிறவர்களுக்கு வரவேற்புப் பழம் கொடுக்கலாமென்று என் சொந்தப் பொறுப்பில் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றேன். அவர் நெகிழ்ந்துபோனார். அந்த ஆனி மாதம் முழுவதும் எங்கள் லாட்ஜில் தங்கிய ஒவ்வொரு மொட்டையும் கையில் ஒரு மாம்பழத்தோடு மலையேறியது. முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார். சம்பளத்தில் எதுவும் தட்டுப்படவில்லை.

நான் இதை நஷ்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், அதற்குக் கணக்கே இருக்கிறது. வாட்ச்மேன் தள்ளிய முப்பதாயிரத்தில் கமிஷன் போக 25,000 இருபது பேருக்குப் பிரிந்தது, ஆளுக்கு 1,250. அதில் ஒரு பங்கு வாட்ச்மேன் பெயரில் எனக்கே திரும்பியது, இன்னொரு பங்கு மனைவிக்கு. ஆகக் குடும்பத்துக்கு 2,500 வரவு. ஒரே வீட்டில் இரண்டு பங்கு லாபம் பார்த்த குடும்பம் அந்தச் சீட்டில் வேறில்லை. மிச்சமிருக்கும் தொகையைப் பற்றி நான் நினைப்பதில்லை.

அந்த மாதம் தவணை கட்டிவிட்டு மனைவி பூரிப்போடு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எண்ணிக்கொண்டே, "இன்னாங்க, ஒங்க லாட்ஜு வாட்ச்மேனு முப்பதாயிரம் தள்ளி எடுத்துட்டாரு. அவ்ளோ முடை இன்னா வந்துச்சோ. அவரு பொண்டாட்டிய நெனச்சா எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

பாவம்தான் என்றேன்.

"புருஷன் இப்பிடி இருந்தா அவ எப்பிடி குடும்பம் நடத்துவா?"

நான் பேப்பரை எடுத்துத் தங்கம் விலை பார்த்தேன்.

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம் இருக்கிறது. தானாகத் தோன்றி, இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்று சொல்லப்படும் பிள்ளையார். அவருக்குக் கடன் கிடையாது, கல்யாணச் செலவு கிடையாது, சத்தியம்தான் இலாகா. குளத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு அவர் முன்னால் நின்று பொய் சொல்ல ஒருத்தனும் துணிய மாட்டான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ஆந்திர அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணத் தயாரா?" என்று சவால் விடுவது வழக்கம். மனைவியின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாகப்பிரிவினை, கொடுக்கல் வாங்கல், காணாமல் போன அண்டா எல்லாம் அங்கேதான் தீர்ந்திருக்கிறது.

ஸ்த்ரீ சக்தி வந்த பிறகு ஒரு நாள், சாப்பாடு போட்டுவிட்டு, மோரை ஊற்றிக்கொண்டே ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம காணிப்பாக்கம் போயிட்டு வரலாமா? எனக்கு ஜீரோ டிக்கெட்டு. உங்களுத அந்த சீட்டுல கழிஞ்ச காசுல நானே எடுக்கறேன்."

எதற்குத் திடீரென்று என்றேன்.

"சும்மாதான், சாமி பாத்து நாளாச்சி. அந்த வாட்ச்மேனயும் வரச் சொல்லுங்க."